தோள் மாற்றிய துண்டு

எட்டுத் தறியும் ஓடும்போது போன் மணி காதில் விழாது. அதனால் சென்னியம்மாள் போனை அதிர்வில் வைத்து இடுப்பில் சொருகிக்கொள்வாள். அன்று காலை அது மூன்றாவது முறையாகத் துடித்தபோது அறுந்துபோன பாவு நூலை முடிந்துகொண்டிருந்தாள். எடுத்துப் பார்த்தால் அண்ணன் வீட்டு நம்பர். அண்ணன் போன் பேசுகிற ஆளில்லை. அப்படியென்றால் அண்ணன் மனைவி கோமளாதான். தறிக்குடோனை விட்டு வெளியே வந்தாள். ஆடிக்காற்று முகத்தில் மண்ணை அள்ளி அடித்தது. சோமனூரில் ஆடி மாதம் காயப்போட்ட துணி பக்கத்து வீட்டில்தான் காயும்.

"சொல்லுங்க நங்கை. தறிச்சத்தத்துல தெரீலீங்க."

"அம்மணி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. உங்கண்ணன் பேசி இன்னைக்கோட ஒம்பது நாளாச்சுங்க."

"ஒடம்புக்கு ஏதுங்களா?"

"ஒடம்பு நல்லாத்தானுங்க இருக்குது. சோறு திங்கறாரு, சோளத்தட்டு அறுக்கறாரு, பால் கறக்கறாரு. பால் சொசைட்டிக்கு மட்டும் போறதில்லீங்க, நாந்தான் கொண்டுபோயி ஊத்தீட்டு வாரேன். வாயவே தொறக்கறதில்லீங்க. தோள்ல துண்டு போடறதுமில்லீங்க."

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் சென்னியம்மாள் உள்ளே போய்த் தறிகளை நிறுத்தினாள். ஒரு விவசாயி துண்டு போடவில்லை என்றால் வேறு யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படாது. அவளுக்கு மட்டும்தான் அந்தத் துண்டு என்ன செய்யும் என்று தெரியும். இல்லை, இன்னும் ஒருவருக்கும் தெரியும். அது அவள் கணவர், அப்போது சென்னையில் ஷூட்டிங்கில் இருந்தார்.

சென்னியம்மாளின் அண்ணன் நஞ்சுண்டனுக்குச் சின்ன வயதில் திக்குவாய். பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டால் 'ந'விலேயே நின்றுவிடுவார். இருபது வயது வாக்கில் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஒரு உதறு உதறி அடுத்த தோளில் போடுவார். கை அந்த வேலையில் இருக்கும்போது நாக்கு தன் பாட்டுக்கு இளகிக்கொள்ளும். "அதுங்க..." என்று ஆரம்பித்தாரானால் பிறகு தடங்கல் இல்லை. அறுபத்துநாலு வயது வரை அப்படித்தான் பேசினார். சந்தையில் மாடு பேசினார், சொசைட்டியில் கணக்குப் பேசினார், பங்காளிச் சண்டையில் நியாயம் பேசினார். ஊரில் எல்லோரும் அதை மனுசனின் பழக்கம் என்றுதான் நினைத்தார்கள். சிலர் மூக்கைத் தடவுவார்கள், சிலர் மீசையை நீவுவார்கள், அதுபோல என்று விட்டுவிட்டார்கள்.

சென்னியம்மாளின் கணவர் அவிநாசியப்பன் சினிமா நடிகர். சிரிப்பு நடிகர் என்று அவர் சொல்லிக்கொள்வார். முப்பத்தொரு வருஷமாக வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. கிணற்றில் விழுந்திருக்கிறார், சைக்கிளோடு சாக்கடையில் விழுந்திருக்கிறார், கல்யாணப் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து சோறு வராமல் எழுந்திருக்கிறார், பிணமாகப் படுத்துக் கொசு கடித்து எழுந்து ஓடியிருக்கிறார். படத்தில் பெயர் வராது. ஒரு வாய்ப்பு வந்தால் மூன்று மாதம் சென்னையில் கிடப்பார், வராவிட்டால் ஆறு மாதம் கிடப்பார்.

அந்த முப்பத்தொரு வருஷமும் வீட்டைத் தாங்கியது நஞ்சுண்டன்தான். சும்மா சொல்லக்கூடாது, ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் தாங்கினார். வாரம் தவறாமல் டிவிஎஸ் வண்டியில் அரிசியும் தேங்காயும் வரும். தறி நின்றுபோனால் மெக்கானிக்கைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவார். மகள் மோகனப்பிரியாவுக்குக் காது குத்தியபோது மடியில் உட்காரவைத்தவரும் அவர்தான், காலேஜில் சேர்க்க க்யூவில் நின்றவரும் அவர்தான். "மாப்ள ஒருநாளைக்கு மேல வந்துருவாரு அம்மணி. எடுத்த காரியத்துல நிக்கறாரல்லொ" என்று துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு சொல்வார். உலகத்தில் அவிநாசியப்பனை நம்பிய ஒரே ஆள்.

மாப்பிள்ளை மேலே வரத்தான் செய்தார். அறுபத்திரண்டாவது வயதில் வந்தார். கோயமுத்தூர்க்காரர் ஒருவர் எடுத்த முதல் படத்தில் ஒரு பஞ்சாயத்துக் காட்சி. ஊரே கூடியிருக்கும். ஒரு பெரியவரிடம் தீர்ப்புக் கேட்பார்கள். பெரியவர் துண்டை எடுத்து உதறி இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளில் போடுவார், "அதுங்க..." என்பார், வாயை மூடிக்கொள்வார். மறுபடி அந்தத் தோளிலிருந்து இந்தத் தோள். நாலு நிமிஷம் அது மட்டும்தான். கடைசியில் மரத்தடியில் கட்டியிருந்த ஆடு கத்த, அதையே தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு ஊர் கலைந்துபோகும். பெரியவராக நடித்தவர் அவிநாசியப்பன்.

படம் ஓடியதோ இல்லையோ, அந்த நாலு நிமிஷம் ஓடியது. போனைத் திறந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். கல்யாண மேடையில் மாப்பிள்ளைகள் துண்டை மாற்றிப் போட்டுப் படம் பிடித்துக்கொண்டார்கள். அவருக்குச் 'சோமனூரார்' என்று பெயர் விழுந்தது. ஒரே வருஷத்தில் ஒன்பது படம்.

சென்னியம்மாள் முதல் நாளே அண்ணனோடும் நங்கையோடும் தியேட்டருக்குப் போயிருந்தாள். அந்தக் காட்சி வந்ததும் சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது யாரென்று புரிந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனால் அண்ணன் கை தட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்து கரும்பு ஜூஸ் குடிக்கும்போது, "அதுங்க... மாப்ள அசத்திப்போட்டாரு" என்றார். அவ்வளவுதான் என்று அவளும் நினைத்தாள். அண்ணனுக்கே கோபமில்லாதபோது நமக்கென்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வந்தவர் போனவரிடமெல்லாம் கணவரைப் பற்றிப் பேசிப் பூரித்தாள்.

நங்கை போன் செய்த அன்றே பஸ் பிடித்துச் சாமளாபுரம் போய், அங்கிருந்து அண்ணன் குடியிருக்கும் தோட்டத்துச் சாளை வீட்டுக்கு நடந்தாள். கோமளா சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றி வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"சொசைட்டிக்குப் பாலு டெஸ்ட் பண்றதுக்குப் புதுசா ஒரு அம்மணி வந்திருக்குதுங்க. வெளியூரு. எத்தன மாட்டுப் பாலுங்கய்யான்னு கேட்டிருக்குது. இவரு துண்டெடுத்து ஒதறியிருக்காரு. அய்யோ, அப்புடியே சோமனூரார் மாதிரியே பண்றீங்களே, எங்க இன்னொருக்காப் பண்ணுங்கன்னு கேட்டுப்போட்டுச்சுங்க. வரிசைல நின்னவங்கெல்லாம் கொல்லுனு சிரிச்சுப்போட்டாங்க."

"நம்மூர்க்காரங்களுமா சிரிச்சாங்க?"

"அவுங்களுந்தானுங்க. நாப்பது வருசமாப் பாத்தவங்கதான். ஆனா அதுக்குப் பொறவு அவுங்களுக்கும் அது சினிமாவாத்தான் தெரியுது. அடுத்த நாளு இவரு வர்றாருன்னு நாலு பேரு போனத் தூக்கிட்டு நிக்கறாங்க. பால் கேன அங்கயே வெச்சுப்போட்டு வந்துட்டாருங்க. வந்தவரு துண்ட மடிச்சுப் பொட்டிக்குள்ள வெச்சாரு. அந்தப் புள்ளைமேல தப்பில்லீங்க அம்மணி. அதுக்கென்ன தெரியும்?"

சென்னியம்மாள் சந்தகையைத் தொடவில்லை. மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் போனாள். அண்ணன் சோளத்தட்டை மிஷினில் வெட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சிரித்தார். மிஷினை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தார். வலது கை தானாக இடது தோளுக்குப் போனது, அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்து இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு கையை ஆட்டி 'உட்கார்' என்று காட்டிவிட்டு மிஷினைப் போட்டுக்கொண்டார்.

நாற்பது வருஷமாகத் தன்னுடையதாக இருந்ததை எடுத்துக்கொண்டு போனதும் போதாதென்று, அதைப் பார்த்துக் காப்பியடிக்கிறவன் என்ற பெயரையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

நாலு நாள் கழித்து அவிநாசியப்பன் வந்தார். இப்போதெல்லாம் கார் கொண்டுவந்து விட்டுப்போகிறது. கால் கழுவிவிட்டு வந்தவருக்கு அரிசிம்பருப்புச் சோறு போட்டு நெய்யை ஊற்றிவிட்டு, இரண்டு வாய் உண்ணும்வரை பொறுத்திருந்து சொன்னாள். அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் கேலி பண்ணுல சென்னி. என்ர தொழிலு அப்புடி. சந்தைல ஒருத்தன் மூக்குச் சிந்தறதப் பாத்தாக்கூட எடுத்து வெச்சுக்குவேன். நம்மகிட்ட வேறென்ன மொதலு இருக்குது?"

"எங்கண்ணன் சந்தைல மூக்குச் சிந்துன ஆளுங்களா?"

"நான் அப்புடிச் சொல்லுல."

"அது வெறும் பழக்கமில்லீங்க, அதுலதான் அவருக்குப் பேச்சே வருதுன்னு தெரியுமல்ல உங்களுக்கு? தெரிஞ்சுதான பண்ணுனீங்க?"

"டைரக்டரு கேட்டாரு, பெரியவரு பேசாமயே சிரிக்க வெக்கோணும்னு. முப்பத்தொரு வருசத்துல என்னைய ஒருத்தன் ரோசனை கேட்டது அன்னைக்குத்தான். மண்டைல வேற எதுவும் வருல. இது வந்துச்சு, பண்ணிப்போட்டேன்."

"உங்குளுக்கு அவரு என்ன கொறை வெச்சாரு?"

அவிநாசியப்பன் தலையைத் தூக்கினார். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, இறங்கும். "மொதல்ல பண்ணிக் காமிச்சது ஆரு சென்னி?"

சென்னியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். கிடைத்த வேஷம் பறிபோய்ச் சென்னையிலிருந்து திரும்பிய அவிநாசியப்பன் மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு வேறென்ன தெரியும்? கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இதே அடுப்படியில், அண்ணனைப் போலவே உதறி மாற்றிப் போட்டு, "அதுங்க... மாப்ளைக்குப் பசிக்குலீங்களாமா?" என்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். மூன்று நாளுக்கு அப்புறம் எழுந்து சாப்பிட்டார். ஒரு வாரம் அதே விளையாட்டு. ஏன் அப்படிப் பண்றாரு என்று அவர் கேட்டபோது, யாரிடமும் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டு அண்ணனின் திக்குவாயைப் பற்றியும் சொன்னாள். புருஷனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்றிருந்த காலம் அது.

அவள் அதை மறந்தே போயிருந்தாள். அவர் மறக்கவில்லை. நடிகன் எதையும் மறப்பதில்லை போலிருக்கிறது.

"எனக்கும் மனசு பொக்குனு போயித்தான் கெடக்குது," என்றார் அவிநாசியப்பன், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு. "இரு, ஒரு வழி இருக்குது. ஞாயித்துக்கெழமை கோயமுத்தூர்ல எனக்குப் பாராட்டு விழா வெச்சிருக்காங்கல்லொ? அந்த மேடைலயே சொல்லிப்போடறேன். இது என்ர மச்சானோடதுன்னு. நாலு பேரு முன்னாடி அவுருக்குச் சேர வேண்டியத அவுருக்கே குடுத்துப்போட்டாச் சரியாப் போயிருமல்லொ?"

சரியாகப் போய்விடும் என்றுதான் அவளும் நினைத்தாள். எடுத்ததை ஊர் பார்க்கத் திருப்பிக் கொடுத்தால் கடன் தீர்ந்தது என்பதுதானே நியாயம். அந்த நியாயம் துண்டுக்கும் வேட்டிக்கும் செல்லும், வாய்ப்பேச்சுக்குச் செல்லாது என்று அப்போது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

விழா நன்றாகத்தான் நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள், வீணை மாதிரி ஒரு கேடயம் கொடுத்தார்கள். காலம் கடந்து வந்தாலும் கலைஞனுக்கு வயதில்லை என்று மூன்று பேர் மூன்று விதமாகப் பேசினார்கள். அவிநாசியப்பன் மைக்கைப் பிடித்ததும் அழுதுவிட்டார். "இந்தக் கேடயம் எனக்குள்ளதில்லீங்க. சாமளாபுரத்துல என்ர மச்சான் இருக்கறாரு, நஞ்சுண்டன்னு பேரு. நான் பண்ணதெல்லாம் அவுருதானுங்க. முப்பது வருசம் எனக்குச் சோறு போட்டவருங்க" என்றார். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. முன்வரிசையில் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்த சென்னியம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். தட்டாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை பால் கறந்துகொண்டிருக்கும்போதே தோட்டத்து வாசலில் டிவிக்காரர்கள், யூடியூப்காரர்கள் என்று இரண்டு கார் நின்றது. பத்து மணிக்கு ஐந்து கார். 'ஒரிஜினல் சோமனூரார்' என்று தலைப்புப் போட்டாகிவிட்டது. ஆள் மட்டும்தான் பாக்கி. "அய்யா, ஒரே ஒருவாட்டி துண்ட மாத்திக் காட்டுங்கய்யா" என்று மைக்கை நீட்டினார்கள். துண்டு இல்லையென்றதும் ஒருவர் தன் துண்டையே எடுத்துக் கொடுத்தார். நஞ்சுண்டன் மாட்டை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு தென்னைக்குள் போனவர் மத்தியானச் சோற்றுக்குத்தான் திரும்பினார். 'பேச மறுக்கும் ஒரிஜினல்' என்று அதையும் போட்டார்கள். சோறு போட்டவரின் கோபம் என்று கீழே யார் யாரோ எழுதினார்கள். அவிநாசியப்பனைத் திட்டியும் எழுதினார்கள், புகழ்ந்தும் எழுதினார்கள். கோமளா போனில் அழுதாள். "குடுத்தது போதும்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லுங்க அம்மணி" என்றாள்.

ஆவணியில் மோகனப்பிரியாவுக்கு உப்புச் சக்கரை வைத்திருந்தது. மாப்பிள்ளை கிருபாசங்கர் மதுக்கரைப் பக்கம். பெண்ணும் பையனும் ஒரே கம்பெனியில் வேலை. இரண்டு வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொண்டால்தான் கல்யாணம் நிச்சயமான கணக்கு. அதற்கு முன்னால், அவர்கள் வகையறாவில், பெண்ணின் தாய்மாமனைச் சபையில் நிறுத்திக் கேட்பார்கள். அவர் வாயால் 'சம்மதம்' என்று சொல்ல வேண்டும். அப்பனைக்கூடக் கேட்பதில்லை, மாமனைத்தான் கேட்பார்கள்.

"மாமாவக் கேக்க வேண்டாம்னு சொல்லீரலாங்கண்ணு. தலையாட்டுனாப் போதும்னு பெரியவங்ககிட்டச் சொல்லீர்றேன்" என்றாள் சென்னியம்மாள் மகளிடம்.

"மாமாவுக்கு அது தெரிஞ்சா இன்னும் சங்கட்டமா இருக்காதாம்மா? எனக்கு மாமா சொல்லோணும். எத்தன நேரமானாலும் நிக்கறேன்."

கோமளா வேறொன்று சொன்னாள். மூன்று நாளாக விடியற்காலையில் கட்டுத்தரையில் சத்தம் கேட்கிறதாம். போய்ப் பார்த்தால் நஞ்சுண்டன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே 'சம்மதம், சம்மதம்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாட்டிடம் தடங்கல் இல்லாமல் வருகிறதாம். "சொல்லிப்போடுவாருங்க. நெம்ப ஆசையா இருக்கறாரு. ஒத்தை வார்த்தைதானுங்களே" என்றாள்.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருப்பார்கள். பாதிப்பேர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்க வந்தவர்கள், பாதிப்பேர் சோமனூராரைப் பார்க்க வந்தவர்கள். நஞ்சுண்டன் புது வெள்ளைச் சட்டையில் வந்தார், தோளில் துண்டில்லை. சபையில் துண்டில்லாத பெரிய மனுசன் அவர் ஒருவர்தான். நடுவே நின்றபோது மோகனப்பிரியா அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் எழுந்தார். நல்ல மனுசன், விவரம் தெரியாதவர். "பொண்ணுக்குத் தாய்மாமன், உங்குளுக்குச் சம்மதந்தானுங்களே?"

நஞ்சுண்டன் வாயைத் திறந்தார். உதடு குவிந்தது, காற்று வந்தது, வார்த்தை வரவில்லை. சென்னியம்மாள் தன்னையறியாமல் 'சம்மதம்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள். தறிச்சத்தத்தில் முப்பது வருஷம் உதட்டைப் பார்த்தே பேச்சு புரிந்துகொண்டவள். அந்த வார்த்தை அண்ணன் உதட்டில் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அவருடைய வலது கை இடது தோளுக்குப் போய் வெறும் சட்டையைப் பிடித்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு போன் உயர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்து, இருபது போன்.

அவிநாசியப்பன் பக்கத்தில்தான் நின்றார். மச்சானின் கழுத்து நரம்பைப் பார்த்தார், தவிக்கிற கையைப் பார்த்தார். அவருக்குத் தாங்கவில்லை. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மச்சான் தோளில் போட்டார். சத்தியமாக அந்த நேரத்தில் அவர் நடிகராக அதைச் செய்யவில்லை. ஆனால் அவர் கையில் துண்டைப் பார்த்த பிறகு யார் நம்புவார்கள்?

மண்டபம் வெடித்துச் சிரித்தது. மாமனும் மச்சானும் சேர்ந்து சபைக்காக அந்தக் காட்சியைப் போடுகிறார்கள் என்றே நினைத்துவிட்டார்கள். விசில் பறந்தது. யாரோ ஆடு மாதிரிக் கத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "ஆடே சம்மதம் சொல்லிப்போடுச்சு, தட்ட மாத்துங்கப்பா" என்றார். தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

நஞ்சுண்டன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து, நாலாக மடித்து, நாற்காலிமேல் வைத்தார். மோகனப்பிரியாவின் தலையில் கை வைத்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். பிறகு பந்திப் பக்கம் போகாமல் வாசல் பக்கம் போனார். அவிநாசியப்பன் பின்னாலேயே ஓடினார். நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு குடும்பம் மறித்துப் படம் எடுத்துக்கொண்டது, அதற்கப்புறம் இன்னொரு குடும்பம். தோளில் கை போட்டவர்களை உதறிவிட்டுப் போகவும் அவருக்கு வராது. முப்பத்தொரு வருஷம் இதற்குத்தான் ஏங்கினார். அவர் வாசலுக்கு வந்தபோது டிவிஎஸ் வண்டி போயிருந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கேயும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்தார்கள்.

மறுநாள் காலை சென்னியம்மாள் தறியை நிறுத்திவிட்டு முதல் பஸ்ஸில் போனாள். "நானும் வரட்டுமா சென்னி?" என்று கேட்டார் அவிநாசியப்பன். இரவெல்லாம் உறங்காத முகம். "நீங்க வந்தா பின்னாடியே நாலு பேரு வருவாங்க" என்றாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கோமளா பால் ஊற்றப் போயிருந்தாள். நஞ்சுண்டன் கட்டுத்தரையில் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். சென்னியம்மாள் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் எப்படி எப்படியோ கோத்து வைத்திருந்ததெல்லாம் போய், எடுத்த எடுப்பில் வந்துவிட்டது.

"அண்ணா, உங்களையாட்ட மொதல்ல பண்ணிக் காமிச்சது நாந்தானுங்ணா. அவுருல்ல."

அவர் கை நின்றது.

"கல்யாணமான புதுசுலீங்ணா. அவரச் சிரிக்க வெக்கறதுக்கு அடுப்படில நின்னு பண்ணுனேன். ஒரு வாரம் பண்ணுனேன். உங்குளுக்குப் பேச்சு வராததயும் நாந்தாஞ் சொன்னேன். நீங்க அன்னைக்கு அரிசி மூட்டை எறக்கி வெச்சுப்போட்டு அந்தப் பக்கம் போறீங்க, நான் இந்தப் பக்கம் உங்களப் பண்ணிக் காமிச்சுச் சிரிக்கறேன். நீங்க குடுத்த சோத்தத் தின்னுப்போட்டுத்தானுங்ணா சிரிச்சேன்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. நஞ்சுண்டன் குழாயை மூடினார். எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவள் முகத்தையே பார்த்தார். அதில் கோபம் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு வாயைத் திறந்தார்.

அந்த வீட்டில் நஞ்சுண்டனின் பேச்சை எல்லோரும் முடித்து வைத்தவர்கள்தான். அவர் 'த' என்றால் அப்பா 'தண்ணியா' என்பார், அம்மா 'தட்டா' என்பாள், பெரியப்பன் வீட்டுப் பையன்கள் வேண்டுமென்றே வேறொன்றைச் சொல்வார்கள். சென்னியம்மாள் ஒருத்திதான் அவர் வார்த்தையை ஒருநாளும் பிடுங்கியதில்லை. நாலு வயதுக் குழந்தை, பாவாடையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் அண்ணன் வாயையே பார்த்து நிற்பாள். அதனால்தான் அவர் வீட்டில் அவளிடம் மட்டும் பேசினார்.

இப்போதும் அப்படியே காத்திருந்தாள். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. ஏதோ பெரிதாகச் சொல்ல வருகிறார் என்று தெரிந்தது. ஒற்றை வார்த்தை இல்லை, நிறைய. கண் அவளை விட்டு நகரவில்லை. கைகள் இரண்டும் முழங்காலை இறுகப் பிடித்திருந்தன. மாடு ஈரத்தோடு உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. நேற்றுச் சபையில் நின்ற அதே முகம். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"'உடு அம்மணி, போனாப் போவுது'ன்னு சொல்றீங்களாண்ணா?" என்றாள்.

நஞ்சுண்டன் வாயை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, இல்லை என்று தலையை ஆட்டினார்.

எழுந்து போய்க் குழாயைத் திறந்து மாட்டின் மறுபக்கத்தைக் கழுவ ஆரம்பித்தார். சென்னியம்மாள் மத்தியானம் வரைக்கும் அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் மறுபடி வாயைத் திறக்கவில்லை.